பழைய ஆஸ்பத்திரிக்குப் பலகை இருக்கிறது, அங்கே செத்தவர்களுக்கு?

உங்கள் கேள்வி ஒன்றல்ல, மூன்று. சிங்கப்பூர்த் தேக்காவில் பழைய கேகே (கண்டாங் கெர்பாவ்) ஆஸ்பத்திரி நின்ற இடத்துக்கு வரலாற்று இடம் என்ற அங்கீகாரம் இருக்கிறதே, இப்படி வேறு எந்தப் பழைய ஆஸ்பத்திரிகளை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள் என்பது ஒன்று. அங்கெல்லாம் இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது இரண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா 1930களில் ஜெனரல் ஆஸ்பத்திரியில் தவறிப்போனதாக வீட்டில் சொல்கிறார்கள், அவருக்கு ஏதாவது தடயம் கிடைக்குமா என்பது மூன்று. மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம் என்று தெரிகிறது, ஆனால் முதல் இரண்டையும் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

முதலில் பதிலைப் போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பலகை உண்டு, பணம் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு, போரில் செத்தவருக்குக் கல் உண்டு. சாதாரணக் காய்ச்சலிலோ காலராவிலோ சொந்தபந்தம் யாரும் இல்லாமல் வார்டில் கண்ணை மூடிய கூலிக்காரருக்கு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கென்று தனி இடுகாடு வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை. இறந்தவரை அவரவர் சமூகம் எடுத்துக்கொண்டு போனது. எடுக்க ஆளில்லாதவரை அரசாங்கச் செலவில் எங்கோ அடக்கம் செய்தார்கள், அந்த ‘எங்கோ’வின் மேல்தான் இன்று நாம் குடியிருக்கிறோம், ரயிலில் போகிறோம்.

சரி, கேகேயிலிருந்தே தொடங்குவோம். கேகே என்றாலே நமக்குப் பிரசவ ஆஸ்பத்திரிதான், ஆனால் அது அப்படிப் பிறக்கவில்லை. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்த பிறகு இங்கிருந்த ஆங்கிலேயர்களுக்கும் வயிற்றில் புளி கரைந்தது, பேர்ல்ஸ் ஹில் குன்று ராணுவத்துக்கு வேண்டும் என்றார்கள், அங்கே இருந்த ஆஸ்பத்திரிகளைக் கீழே இறக்கினார்கள். அப்படித்தான் 1858இல் கண்டாங் கெர்பாவில் பொது மருத்துவமனைக்கு வேலை தொடங்கியது. மாட்டுக் கொட்டகையும் சேறும் சகதியுமாக இருந்த பகுதி, ஆஸ்பத்திரிக்கு ஏற்ற இடமா என்று அன்று யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே மனநலக் காப்பகத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். 1873இல் அந்தக் காப்பகத்தில் காலரா பரவியதும், பொது மருத்துவமனையை மூட்டை கட்டி சிப்பாய் லைன்ஸுக்கு, அதாவது இன்றைய ஊட்ரம் பக்கம், மாற்றினார்கள். 1882 முதல் அது அங்கேயே நிலைத்துவிட்டது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஊட்ரமில் இருப்பதற்கு ஒரு கலகமும் ஒரு காலராவும் காரணம், இது எந்தப் பலகையிலும் பெரிய எழுத்தில் இருக்காது.

கேகே பிரசவ ஆஸ்பத்திரி ஆனது 1924 அக்டோபர் 1ஆம் தேதி. 1966இல் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்தன, நாளுக்கு நூற்றுக்கும் மேல், கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த எண்ணிக்கை. 1997இல் புக்கிட் தீமா சாலைக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள், பழைய கட்டடத்துக்குள் நிலப் போக்குவரத்து ஆணையம் வந்து உட்கார்ந்துகொண்டது, 2003இல் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தை வரலாற்று இடமாக அடையாளப்படுத்தியது. தேக்கா தமிழர்களில் பாதிப் பேருக்கு அது பிறந்த இடம் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. பிறப்பைக் கொண்டாட நமக்குக் கூச்சம் இல்லை.

இறப்பு என்று வரும்போது பாருங்கள். புதிய கேகேக்கு ஒட்டினாற்போல் கம்போங் ஜாவா பூங்கா என்று ஒன்று இருந்தது, வடக்கு தெற்கு விரைவுச்சாலைத் திட்டத்துக்காக அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூங்காவுக்கு முன்னால் அது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்த கல்லறைத் தோட்டம் நிரம்பி 1865இல் மூடப்பட்டதும் புக்கிட் தீமா சாலையில் இதைத் திறந்தார்கள், 1907 வரை அடக்கம் நடந்தது, அதன்பின் பிடாடரி இடுகாடு வந்தது. 1970களின் தொடக்கத்தில் இங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், சில கற்கள் மட்டும் ஃபோர்ட் கேனிங்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஆக இன்று ஃபோர்ட் கேனிங்கில் போய் அந்தக் கற்களைப் பார்த்தால், அவற்றுக்குக் கீழே உடல் கிடையாது. உடல் இருந்த இடத்தில் கல் கிடையாது.

டான் டோக் செங் கதை இன்னும் விசேஷம். 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் ஏழைச் சீனர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள், பணம் போட்டவர் டான் டோக் செங். தெருவில் செத்துக்கிடந்த ஏழைகளின் அடக்கச் செலவையும் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தவர் அவர். 1850இல் காலமானார். அவர் பெயரிலான ஆஸ்பத்திரி குன்றிலிருந்து சிராங்கூன் சாலைக்கு இறங்கியது, 1909இல் இன்று இருக்கும் நொவீனா, மோல்மீன் பகுதிக்கு வந்தது. சிராங்கூன் சாலையில் காலியான இடத்தில் 1910இல் குவோங் வாய் ஷியூ ஆஸ்பத்திரி தொடங்கியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது, பழைய கட்டடத்தில் ஒரு காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள். ஒரே ஆஸ்பத்திரிக்கு மூன்று முகவரி, ஒரே முகவரிக்கு இரண்டு ஆஸ்பத்திரி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஊருக்கெல்லாம் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்த மனிதரின் சொந்தக் கல்லறையே பல காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1960களின் இறுதியில்தான், அதுவும் தற்செயலாக, ஊட்ரம் சாலைச் சரிவில் புதரும் மரமுமாக இருந்த இடத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி நொவீனாவில், அவர் இருப்பதோ பொது மருத்துவமனைக்குக் கூப்பிடு தூரத்தில். பணக்காரக் கொடையாளிக்கே இந்தக் கதி என்றால் அவர் செலவில் அடக்கமான ஆயிரம் பேரைப் பற்றி என்ன சொல்வது.

அப்புறம் ஊட்ரம். நீங்கள் கேட்ட ஜெனரல் ஆஸ்பத்திரி இதுதான். 1926இல் கட்டிய மணிக்கூண்டு வைத்த போயர் கட்டடம் தேசியச் சின்னம், அதற்குள் அரும்பொருளகம் இருக்கிறது, கட்டாயம் போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே டான் டெக் குவான் கட்டடம், மருத்துவக் கல்லூரிக் கட்டடம். 1905இல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது அதற்குக் கிடைத்தது பெண்களுக்கான பழைய மனநலக் காப்பகம், அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த வளாகம்.

ஆனால் இந்த வளாகத்தில் நான் எல்லோரையும் நிறுத்திக் காட்டச் சொல்வது கட்டடங்களை அல்ல. 1942 பிப்ரவரி இரண்டாம் வாரம், ஊர் விழப்போகிறது, குண்டு விழுந்த இடமெல்லாம் காயம்பட்டவர்கள், அத்தனை பேரையும் இங்கேதான் கொண்டுவந்து தள்ளினார்கள். செத்தவர்களைத் தனித்தனியாகப் புதைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. போருக்கு முன்னால் அவசரத் தண்ணீர்த் தொட்டிக்காக வளாகத்தில் ஒரு பெரிய பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாக அடக்கம் செய்தார்கள், பொதுமக்களும் சிப்பாய்களும் கலந்து. போர் முடிந்த பிறகு, யார் யார் என்று பிரித்தறிய வழியில்லை, தோண்டக்கூடாது என்று முடிவெடுத்து, இடத்தை அடைத்து, பிஷப்பை வைத்துப் புனிதப்படுத்தி, மேலே ஒரு சிலுவை நட்டார்கள்.

அவர்களில் காமன்வெல்த் படையைச் சேர்ந்த 107 பேருக்கு கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் தனி நினைவுச்சின்னம் இருக்கிறது, பெயர் பெயராக. மீதி ஏறக்குறைய 300 பேர்? ஒரே பள்ளம், ஒரே நாள்கள், ஒரே மண். ஒருவர் சீருடையில் இருந்தார், அவர் பெயர் கல்லில் இருக்கிறது. பக்கத்தில் கிடந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராக இருந்தால் அந்தக் கல்லில் அவருக்கு இடமில்லை. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ராணுவத்துக்கு ஆள் கணக்கு இருந்தது, கூலித் தொழிலாளிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். கல்லில் பெயர் ஏறுவதற்கு முன்னால் எங்காவது ஒரு பேரேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

அதே வளாகத்தில் இன்னொரு சோகம். பிப்ரவரி 14ஆம் தேதி, டான் டோக் செங் ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் குண்டுச் சிதறல் பட்டு இறந்துபோனார். கூடப் படித்தவர்கள் உடலை இங்கே எடுத்துவந்து அடக்கம் செய்துகொண்டிருந்தபோது ஜப்பானியப் பீரங்கி அவர்களையே குறிவைத்தது, 11 மாணவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கு நினைவுப் பலகை உண்டு.

அன்றைக்கே, அதே 14ஆம் தேதி, அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1940இல் திறந்த பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரி அது. ஜப்பானியர்கள் உள்ளே நுழைந்தபோது வெள்ளைக் கொடியோடு எதிரே போன அதிகாரியையே குத்திக் கொன்றார்கள், அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருந்தவரைக்கூட விடவில்லை. சுமார் 200 பேரைப் பின்னால் இருந்த சின்னச் சின்ன அறைகளில் இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்து, மறுநாள் வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். பின்வாங்கிய இந்தியச் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து சுட்டார்கள், அதனால்தான் இப்படி நடந்தது என்று ஒரு பேச்சு அன்றிலிருந்தே உண்டு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். கட்டிலில் கிடந்த நோயாளியைக் கொல்வதற்கு அது காரணமாகிவிடுமா?

போர் முடிந்த 50ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1995இல், போர்க்கால இடங்களுக்கெல்லாம் அடையாளக் கற்கள் வைக்கத் தொடங்கினார்கள், அலெக்சாண்ட்ராவும் அந்த வரிசையில் வருகிறது. இந்தக் கற்களைப் பார்க்கும்போது தமிழ்ப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம், யாரும் படிக்காத பகுதியில் மழையும் வெயிலும் எழுத்தை அரித்தாலும் புகார் கொடுக்க ஆளிருக்காது.

கிராஞ்சியைப் போர்க் கல்லறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அதன் தொடக்கத்திலும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. கிராஞ்சியில் போர்க்கைதிகள் முகாம், பக்கத்தில் உட்லண்ட்ஸில் கைதிகளுக்கான ஆஸ்பத்திரி. அங்கிருந்த கைதிகள் தொடங்கிய சிறிய கல்லறைத் தோட்டத்தைத்தான் பிறகு ராணுவம் நிரந்தரமாக்கியது. 1946இல் சாங்கியிலும் புவன விஸ்தாவிலும் இருந்த கல்லறைகளை எல்லாம் இங்கே கொண்டுவந்தார்கள். இன்று 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் 850க்கும் மேற்பட்டவை யாருடையவை என்று தெரியாதவை. உடல் கிடைக்காத 24,000 பேருக்கு மேல் சுவர்களில் பெயர்கள்.

அங்கே போனால் முன்பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். விமான இறக்கை மாதிரி நிற்கும் பெரிய நினைவுச்சின்னத்துக்குப் பின்னால் தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர், அவரவர் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள். அந்தப் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் நம் ஊர்ப் பெயர்கள் கண்ணில் படும். அது தவிர, பராமரிக்க முடியாத பொது இடுகாடுகளில் இருந்ததாலும் சமயக் காரணத்தால் இடம் மாற்ற முடியாததாலும் விட்டுவைத்த கல்லறைகளுக்காக 250க்கும் மேற்பட்ட பெயர்களோடு இன்னொரு சின்னம். ‘இங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறார்கள், ஆனால் மறக்கவில்லை’ என்று ஒரு கல் சொல்ல முடியும் என்றால், அதே வகைக் கல் ஒன்றைப் பொது மருத்துவமனை வாசலில் சாதாரண நோயாளிகளுக்கும் வைக்க முடியும் என்பது என் கட்சி. கல்லறை இல்லாதது ஒரு தடையே இல்லை.

இப்போது தீவுகள். இதைத் தமிழர்கள் அதிகம் பேச வேண்டும், ஏனோ பேசுவதில்லை. 1873 காலராவுக்குப் பிறகு, 1874இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் திறந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் ரஜூலா கப்பலில் டெக் டிக்கெட்டில் வந்த நம் தாத்தா பாட்டிமார் ஊருக்குள் காலடி வைப்பதற்கு முன்னால் அந்தத் தீவில் இறங்கியிருக்கிறார்கள். கிருமிநாசினிக் குளியல், அம்மைக் குத்து, தகரக் கொட்டகை, காத்திருப்பு. அங்கே நோயில் தவறியவர்களைப் பக்கத்து லாசரஸ் தீவில் அடக்கம் செய்தார்கள். இன்று இரண்டு தீவையும் இணைத்துச் சாலை போட்டிருக்கிறார்கள், வார இறுதியில் லாசரஸ் கடற்கரையில் பாய் விரித்துப் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சிங்கப்பூருக்கென்று புறப்பட்டு, சிங்கப்பூரை நேர் எதிரே கண்ணால் பார்த்தபடியே, உள்ளே வராமல் போய்ச் சேர்ந்தவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

மோல்மீன் பக்கத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரி, பழைய மிடில்டன், 2018 கடைசியில் மூடி தேசியத் தொற்றுநோய் நிலையம் வந்துவிட்டது. சாங்கி பழைய ஆஸ்பத்திரி 1935இல் பிரிட்டிஷ் படைக்காகக் கட்டியது, 1997 முதல் காலி; இளைஞர்கள் பேய் தேடிப் போவதோடு சரி, வரலாறு தேடிப் போவதில்லை. நொவீனா எம்ஆர்டி ரயில் நிலையப் பகுதியில் யூதர்களின் இடுகாடு இருந்தது. தியோங் பாருவில் 1930களில் வீடு கட்டுவதற்கு முன்னால் மேடெல்லாம் சீனக் கல்லறைகள்.

பிடாடரிதான் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1908இல் கிறிஸ்தவர்களுக்காகத் திறந்து, பிறகு முஸ்லிம்களுக்கும், 1920களில் இந்துக்களுக்கும் பகுதி ஒதுக்கினார்கள். 1972இல் அடக்கம் நின்றது, 2001க்கும் 2006க்கும் இடையில் பெருமளவு தோண்டி எடுத்தார்கள், உட்லீ எம்ஆர்டியும் அரசு அடுக்குமாடி (வீவக) வீடுகளும் பூங்காவும் வந்தன. தேர்ந்தெடுத்த சில கற்களை வைத்து ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது, ஆனால் அந்தத் தேர்வு பெரும்பாலும் ஊரறிந்த பெயர்கள். 1998 முதல் சுவா சூ காங்கிலும் 15 வருடம்தான், அப்புறம் எடுத்துவிடுவார்கள். நிலம் இல்லாத ஊரில் இதைத் தவிர்க்க முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கல்லறையை எடுக்கலாம், பதிவேட்டையும் சேர்த்து மறந்துவிடக்கூடாது என்பதுதான் என் வாதம். புக்கிட் பிரவுனில் நெடுஞ்சாலைக்காக ஏறக்குறைய 4,000 கல்லறைகளை எடுத்தபோது ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் ஒவ்வொன்றையும் படம்பிடித்து ஆவணமாக்கினார்கள், அதன் அடக்கப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. நம் இடுகாடுகளுக்கு அந்த அளவு ஆள் கூடவில்லை.

இனி உங்கள் கொள்ளுத்தாத்தா. கல்லறையைத் தேடிக் கிளம்பாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்பது உங்களுக்குச் சாதகம். தோட்டத்திலோ கொட்டகையிலோ இறந்தவரைவிட, வார்டில் இறந்தவருடைய மரணம் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தில் மரணப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பெயரும் ஏறக்குறைய எந்த வருடம் என்பதும் தெரிந்தால் தொடங்கலாம். அதற்கு முன்னால் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து, அவர் இறந்தபோது யார் பிறந்திருந்தார், ஜப்பான்காரன் வருவதற்கு எத்தனை தீபாவளிக்கு முன்னால் என்று கேட்டு வருடத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். நம் பெரியவர்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது, சம்பவம் ஞாபகம் இருக்கும்.

அடுத்து தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு, இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. மரண அறிவித்தல் போடும் வசதி கூலிக் குடும்பத்துக்கு இருந்திருக்காது, ஆனால் விபத்து, மரண விசாரணை என்று ஏதாவது நடந்திருந்தால் நாலு வரி வந்திருக்கும். அடக்கம் இங்கே அரசாங்க இடுகாட்டில் நடந்திருந்தால் தேசியச் சுற்றுப்புற அமைப்பிடம் கேட்கலாம். போர்க்காலத்தில் சீருடையில் இருந்தவர் யாராவது குடும்பத்தில் உண்டென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டாலே வந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் உங்கள் குடும்பம் இன்று எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. ராமசாமி என்றால் ராம்சாமி, ராமசமி, ரம்சமி, வெறும் சாமி என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வருடத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று ராமசாமிகள் தவறியிருந்தால் அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.